கோவையிலிருந்து அகமதாபாத்துக்குக் காரை டிரெய்லரில் அனுப்புவது: எதைக் கேட்க வேண்டும், எதை எழுதி வாங்க வேண்டும்?

பேரூர்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு மாறுதல் வந்திருப்பதால், ஜூன் முதல் வாரத்தில் நாங்கள் குடும்பத்தோடு கோவையிலிருந்து அகமதாபாத்துக்குக் குடிபெயர்கிறோம். வீட்டுச் சாமான்களில் பாதியை உறவினர்களுக்குக் கொடுத்துவிட்டோம். மீதியை ஒரு சிறு லாரியில் ஏற்றிவிடலாம். கவலை முழுவதும் காரைப் பற்றித்தான். 2019இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட் அது. "விற்றுவிட்டு அங்கே வேறு வாங்கிக்கொள்ளுங்கள்" என்றே பலரும் சொல்கிறார்கள். ஆனால் பக்கவாதத்தால் நடமாட முடியாமல் இருக்கும் என் மாமியாருக்காக, அதன் முன் இருக்கையை எடுத்துவிட்டு, கதவைத் திறந்ததும் வெளிப்பக்கமாகத் திரும்பி நிற்கும் இருக்கையைப் பொருத்தியிருக்கிறோம். முன்பெல்லாம் அவரைக் காரில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது. இப்போது நான் ஒருத்தியே சக்கர நாற்காலியிலிருந்து மாற்றி உட்கார வைத்துவிடுகிறேன். ஆகவே இந்த வண்டியை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

கணவருக்குப் பிப்ரவரியில் முதுகுத் தண்டில் அறுவை சிகிச்சை நடந்தது. நீண்ட தூரம் ஓட்டக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எனக்கு ஊருக்குள் ஓட்டித்தான் பழக்கம். எனவே டிரெய்லரில் அனுப்பலாம் என்று மூன்று இடங்களில் விசாரித்தேன். ஒருவர் 14,000 ரூபாய், இன்னொருவர் 19,500, மூன்றாமவர் 26,000 என்கிறார்கள், ஜி.எஸ்.டி. தனி. மூவருமே "ஏழு நாளில் வீட்டு வாசலில் நிற்கும், இன்சூரன்ஸ் உண்டு" என்று ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். சொல்வது ஒன்றாக இருக்கும்போது விலையில் ஏன் இவ்வளவு வேறுபாடு? "இன்சூரன்ஸ் உண்டு" என்பதற்கு உண்மையில் என்ன பொருள்? குஜராத்தில் வண்டியை மறுபதிவு செய்ய வேண்டுமென்றால் இங்கிருந்து கிளம்பும் முன் செய்ய வேண்டியவை என்ன? அனுபவமுள்ளவர்கள் விளக்கமாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சங்ககிரி லாரி ஆபீஸ்

அம்மா, வணக்கம். இருபது வருடங்களுக்கு மேல் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தவன் என்ற முறையில் முதலில் விலை வேறுபாட்டைச் சொல்கிறேன். கார் ஏற்றும் டிரெய்லர் ஒன்றில் ஆறேழு கார்கள் ஏறும். அந்த வண்டிகள் பெரும்பாலும் தொழிற்சாலைகளை நம்பி ஓடுபவை. ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் தயாராகும் கார்கள் வடக்கே போகின்றன. அகமதாபாத்துக்குப் பக்கத்தில் ஹன்சல்பூர் ஆலையில் தயாராகும் ஸ்விஃப்ட், பலேனோ போன்றவை தெற்கே வருகின்றன. தெற்கே இறக்கிவிட்டுத் திரும்பும் டிரெய்லருக்கு ரிட்டர்ன் லோடு கிடைத்தால் போதும் என்ற நிலை வரும்போது வாடகை குறையும். கிடைக்காவிட்டால் வண்டி நிற்கும், உங்கள் காரும் அதோடு சேர்ந்து நிற்கும். 14,000 சொல்பவர் பெரும்பாலும் சொந்தமாக டிரெய்லர் வைத்திருப்பவராக இருக்கமாட்டார். உங்களிடம் ஆர்டரை வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பார்; அவர் மூன்றாவது ஆளிடம் கொடுப்பார். கையைத் தாண்டத் தாண்டப் பொறுப்பும் கரைந்துவிடும்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, "என் காரை எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவீர்கள்?" என்பதுதான். பெரிய டிரெய்லர் உங்கள் தெருவுக்குள் வராது. ஒரு டிரைவர் வந்து காரை யார்டுக்கு (டிரெய்லரில் ஏற்றி இறக்கும் இடம்) ஓட்டிப் போவார், அல்லது ஒரே காரை ஏற்றும் சின்ன வண்டி வரும். கோவையில் நேரடி லோடு இல்லையென்றால் பெங்களூரு யார்டுவரை ஒரு வண்டியிலும், அங்கிருந்து வேறொரு வண்டியிலும் போகும். ஓடும்போது காருக்கு ஒன்றும் ஆவதில்லை; அடிபடுவதெல்லாம் ஏற்றும்போதும் இறக்கும்போதும்தான். சாய்வுப் பலகை செங்குத்தாக இருந்தால் முன் பம்பரின் அடி உதடு உரசும். மேல் தட்டில் நிற்கும் காருக்கு மரக்கிளை பயம், கீழ்த் தட்டில் நிற்பதற்கு மேலே உள்ள காரிலிருந்து எண்ணெய் சொட்டும் பயம். எது வேண்டும் என்று கேட்டால் கீழ்த் தட்டைக் கேளுங்கள். சொட்டிய எண்ணெயைத் துடைத்துவிடலாம், கிளை கிழித்த கூரையைத் துடைக்க முடியாது. கட்டும் பட்டை டயரைச் சுற்றித்தான் போக வேண்டும். சஸ்பென்ஷன் கம்பியில் கொக்கி மாட்டி இழுத்துக் கட்டுபவரை நிறுத்திக் கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு.

காரைக் கொடுக்கும் முன் கட்டாயம் கழுவுங்கள். தூசி படிந்த காரில் கீறல் தெரியாது. "முன்பே இருந்தது" என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். பகல் வெளிச்சத்தில்தான் ஒப்படைக்க வேண்டும். பகலில் வருவதாகச் சொல்லிவிட்டு இரவு ஒன்பது மணிக்கு ஆள் வந்து, செல்போன் வெளிச்சத்தில் கையெழுத்துக் கேட்டால், மறுநாள் காலை வரச் சொல்லுங்கள். டாங்கியில் ஐந்தாறு லிட்டர் பெட்ரோல் போதும். காருக்குள் துணி மூட்டை, பாத்திரம் எதையும் வைக்காதீர்கள். காணாமல் போனால் யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். சாவி ஒன்றை மட்டும் கொடுங்கள். ஆர்.சி.யின் நகல் போதும், அசல் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். கேமரா பொருத்தியிருந்தால் அதன் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் பேட்டரி இறங்கிவிடும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கின் மேல் அலுமினியத் தாளை ஒட்டி மறைத்துவிடுங்கள். டிரெய்லரின் மேல் நிற்கும் காரின் டேக்கைச் சுங்கச்சாவடியில் உள்ள கருவி படித்து, கார்க்காரரின் கணக்கிலிருந்தும் பணம் போன கதைகள் எங்கள் ஆபீஸுக்கு நிறைய வந்திருக்கின்றன. டேக்கை உரித்தெடுக்க வேண்டாம். உரித்தால் அது பயனற்றுப் போய்விடும்.

ஏழு நாள் என்பது டிரெய்லர் கிளம்பிய நாளிலிருந்து எண்ணுவது. உங்கள் காரைக் கொடுத்த நாளிலிருந்து அல்ல. பத்துப் பன்னிரண்டு நாட்களுக்குத் தயாராக இருங்கள், மாமியாருக்கு மருத்துவமனைத் தேதி இருந்தால் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். முழு வாடகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். பாதி வழியில் "பார்டரில் செலவாகிவிட்டது, இன்னும் எட்டாயிரம் போட்டால்தான் வண்டி நகரும்" என்று அழைப்பு வந்து தவித்தவர்களை எனக்குத் தெரியும். எழுத்தில் இல்லாத எந்தச் செலவுக்கும் நீங்கள் கடமைப்பட்டவர் அல்ல என்பதை ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலைப் பயணி

சகோதரி, டிரெய்லரை முடிவு செய்யும் முன் இன்னொரு வழியையும் எண்ணிப் பாருங்கள். கோவையிலிருந்து சேலம், பெங்களூரு, புனே, மும்பை, சூரத் வழியாக அகமதாபாத் ஏறத்தாழ 1,850 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து அகமதாபாத்வரை முழுக்க 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் என்று வைத்தால் 115 லிட்டர் பெட்ரோல் ஆகும். நம்பகமான ஆக்டிங் டிரைவர் ஒருவருக்கு நான்கு நாள் கூலி, பேட்டா, திரும்ப ரயில் டிக்கெட், சுங்கக் கட்டணம் எல்லாம் சேர்த்தால் நீங்கள் சொன்ன நடு விலையைவிடச் சற்றுக் கூடுதலாக வரலாம். ஆனால் வண்டி யார் கையில் இருக்கிறது, எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கு ஒவ்வொரு மணி நேரமும் தெரியும். நான் இரண்டு முறை இப்படித்தான் செய்தேன், உடன் என் தம்பியை அனுப்பினேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை: ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து புனேக்கு முன்னும், புனேக்கும் மும்பைக்கும் நடுவிலும் உள்ள மலைப்பகுதிகளில் மழை இறங்கிவிடும். கம்பட்கி, கண்டாலா மலைப்பாதைகளை இரவில் கடக்க வேண்டாம் என்று டிரைவரிடம் உறுதியாகச் சொல்ல வேண்டும். உடன் அனுப்ப உங்கள் வீட்டில் ஆள் இல்லையென்றால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். தெரியாத ஒருவரிடம் காரைத் தனியாகக் கொடுத்து அனுப்புவதைவிட டிரெய்லரே மேல்.

மதுரை சர்வேயர்

மோட்டார் இன்சூரன்ஸ் கோரிக்கைகளை ஆய்வு செய்வதே என் தொழில் என்பதால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். "இன்சூரன்ஸ் உண்டு" என்ற வாக்கியத்துக்கு மூன்று வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன. மூன்றையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் பிறகு ஏமாறுகிறார்கள்.

முதலாவது, உங்கள் காருக்கு ஏற்கெனவே இருக்கும் பாலிசி. அது வெறும் மூன்றாம் நபர் பாலிசியாக இருந்தால் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடையாது. முழுக் காப்பீடாக இருந்தால் அதன் முதல் பிரிவை எடுத்துப் படியுங்கள். தீ, திருட்டு, வெள்ளம், விபத்து என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, சாலை, ரயில், உள்நாட்டு நீர்வழி, லிஃப்ட், எலிவேட்டர், விமானம் ஆகியவற்றில் எடுத்துச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும் என்று அச்சாகியிருக்கும். டிரெய்லர் கவிழ்ந்தால் உங்கள் சொந்த பாலிசியிலேயே கோர முடியும் என்பது பலருக்குத் தெரியாது. ஆனால் கோரினால் நோ கிளெய்ம் போனஸ் (கோரிக்கை இல்லாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போய்விடும். ஐந்து வருடம் கோராமல் இருந்து 50 சதவீதத்தை எட்டியிருந்தீர்களானால், ஒரு பம்பர் கீறலுக்காக அதை இழப்பது நஷ்டமே. மேலும் 1,500 சி.சி.க்கு உட்பட்ட கார்களுக்கு ஒவ்வொரு கோரிக்கையிலும் முதல் 1,000 ரூபாயை நீங்களே ஏற்க வேண்டும். தேய்மான விலக்கு (ஜீரோ டெப்ரிசியேஷன்) எடுக்காதவர்களுக்கு பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களின் விலையில் பாதியைக் கழித்துவிடுவார்கள், பம்பர் பிளாஸ்டிக்தானே. உங்கள் மாமியாரின் இருக்கை காரோடு வந்தது அல்ல என்பதால், அதை நிறுவனத்துக்குத் தனியாகத் தெரிவித்து, அதன் மதிப்பைப் பாலிசியில் சேர்த்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். சேர்க்கவில்லையென்றால் கார் கிளம்பும் முன் சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, இந்தப் பயணத்துக்கென்று தனியாக எடுக்கும் போக்குவரத்துக் காப்பீடு. லாரியில் போவதாக இருந்தாலும் இதை மரைன் (கடல்வழிக் காப்பீடு) பிரிவில்தான் எழுதுவார்கள். இதில் ஏ, பி, சி என்று மூன்று வகை விதித்தொகுதிகள் உண்டு. சி என்பது தீயும் மின்னலும் மட்டும். பி என்றால் அவற்றோடு மோதல், கவிழ்தல், பாலம் உடைதல் போன்றவை. ஏற்றி இறக்கும்போது பம்பர் உரசினால் அது பி-யில் வராது. விலக்கப்பட்டவை தவிர எல்லா ஆபத்துகளையும் ஏற்கும் ஏ வகையில்தான் வரும். "இன்சூரன்ஸுக்கு இரண்டு சதவீதம்" என்று உங்களிடம் பணம் வாங்குபவரிடம், உங்கள் பெயரும் காரின் பதிவு எண்ணும் எழுதிய பாலிசிச் சான்றிதழைக் கேளுங்கள். ரசீதில் "இன்சூரன்ஸ்" என்று ஒரு வரி எழுதியிருப்பது பாலிசி ஆகாது.

மூன்றாவது, எடுத்துச் செல்பவரின் சட்டப் பொறுப்பு. 2007ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் 2011ஆம் ஆண்டு விதிகளும் அவருடைய பொறுப்பை, செலுத்திய வாடகையைப் போலப் பத்து மடங்குக்குள் நிறுத்திவிடுகின்றன. நீங்கள் 19,500 ரூபாய் கொடுத்தால், கார் முழுதாகவே அழிந்தாலும் 1,95,000 ரூபாய்தான். கூடுதல் மதிப்பை எழுத்தில் அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்த வரம்பு விலகும். ஆகவே சரக்கை ஒப்புக்கொண்டு அவர்கள் தரும் லாரி ரசீதில் (எல்.ஆர்.) காரின் மதிப்பு எழுதும் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். "பழைய சாமான்" என்று எழுதவும் விடாதீர்கள். சேதம் ஏற்பட்டால், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் வழக்குத் தொடர முடியும். தொலைபேசியில் பேசிக்கொண்டே மாதங்களைக் கடத்துபவர்களிடம் ஏமாறாதீர்கள்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஒப்படைக்கும்போது எழுதும் நிலவரத் தாள். ஒவ்வொரு கதவு, நான்கு சக்கர விளிம்புகள், கண்ணாடிகள், கூரை, ஓடிய கிலோமீட்டர் எண், எரிபொருள் முள் நிற்கும் இடம் ஆகியவற்றைப் படம் எடுத்து, அந்தத் தாளிலும் எழுதி, வண்டியை வாங்க வந்தவரிடம் கையெழுத்து வாங்குங்கள். நான் பார்த்த கோரிக்கைகளில் தோற்றுப்போனவை பெரும்பாலும் இந்த ஒரு தாள் இல்லாமல் தோற்றவை.

அந்தமான் அஞ்சல்

மேலே உள்ள சர்வேயர் ஐயா எழுதியதில் ஒரு சொல்லைக் கவனித்தீர்களா? "உள்நாட்டு நீர்வழி." கடல் அந்தப் பட்டியலில் இல்லை. 2023இல் எனக்குப் போர்ட் பிளேருக்கு (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) மாறுதலானபோது சென்னைத் துறைமுகத்திலிருந்து என் காரைக் கப்பலில் அனுப்பினேன். கார் பாலிசி உதவாது என்பதால் தனி மரைன் பாலிசி எடுத்தேன். இருபது அடிக் கன்டெய்னரின் உள்ளகலம் 2.35 மீட்டர்தான். காரை உள்ளே ஓட்டி நிறுத்தியவர் கதவை முழுதாகத் திறக்க முடியாமல் கண்ணாடியை இறக்கி அதன் வழியே வெளியே வந்தார். பிறகு சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளைத் தரையோடு ஆணியடித்து, பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் கதவை மூடினார்கள். உங்கள் வழி தரைவழி என்பதால் இந்தக் கவலை உங்களுக்கு இல்லை. தீவுகளுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்ப எண்ணி இதைப் படிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

மறுபதிவு பற்றிய கேள்விக்கு யாரும் பதில் எழுதவில்லை, அதனால் நானே சொல்கிறேன். வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. அதற்குக் கோவை ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (என்.ஓ.சி.) தேவை; படிவம் 28இல் விண்ணப்பிக்க வேண்டும். வண்டிக் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். அந்தப் படிவத்தில், வண்டியின் சட்டத்தில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்தெடுத்து ஒட்ட ஓர் இடம் உண்டு. கார் டிரெய்லரில் ஏறிப் போன பிறகு அந்த எண்ணுக்கு எங்கே போவீர்கள்? ஒப்படைப்பதற்கு முதல் நாளே மெல்லிய தாளை வைத்துத் தேய்த்து ஐந்தாறு பிரதிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இங்கே கட்டிய ஆயுட்கால வரியில் மீதிக் காலத்துக்கு உரிய பகுதியை, அங்கே வரி கட்டிப் பதிவு மாற்றிய பிறகு திரும்பக் கேட்கலாம். பழைய ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

பேரூர்வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நாங்கள் வந்து சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. நடந்ததை எழுதுவது என் கடமை.

உடன் அனுப்ப ஆள் இல்லாததால் டிரெய்லரையே முடிவு செய்தோம். "எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றுவீர்கள்?" என்று மூவரிடமும் கேட்டேன். 14,000 சொன்னவர் பதில் சொல்லாமல் விலையை 13,000 ஆக்கினார். 19,500 சொன்னவர் மட்டும் பெங்களூரில் ஒரு முறை மாற்றுவோம் என்று நேரடியாகச் சொல்லி, டிரெய்லரின் எண்ணையும் பின்னர் அனுப்பினார், அவரிடமே கொடுத்தோம். ஏ வகைப் போக்குவரத்துக் காப்பீட்டை நாங்களே தனியாக எடுத்தோம். மாமியாரின் இருக்கை எங்கள் பாலிசியில் இல்லை என்பது சர்வேயர் ஐயா சொன்ன பிறகே தெரிந்தது. கிளம்புவதற்கு நான்கு நாள் முன்னதாக அதைச் சேர்த்தோம்.

கொடுத்தபோது 41,286 என்று இருந்த கிலோமீட்டர் எண், பதினோராம் நாள் காலை இங்கே வந்தபோது 41,331 காட்டியது. இரு ஊர்களிலும் யார்டுக்கும் வீட்டுக்கும் இடையே ஓட்டிய தூரத்தோடு பெங்களூரில் மாற்றியதும் சேர்ந்தால் அது சரியாகவே வருகிறது. பின் பம்பரின் இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் உரசல் இருந்தது. கொண்டுவந்தவர், "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரியின் கீழ் கையெழுத்துக் கேட்டார். கோவையில் எடுத்த படத்தைக் காட்டி, உரசலைத் தாளில் எழுதிய பிறகுதான் கையெழுத்திடுவேன் என்றேன். அவர் தன் அலுவலகத்தோடு இருபது நிமிடம் பேசினார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவரே எழுதிக் கையெழுத்திட்டார். அன்றே பதிவுத் தபாலில் அறிவிப்பும் அனுப்பினேன். காப்பீட்டைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. பம்பருக்கு வண்ணம் பூசும் செலவைப் பத்து நாளில் அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

கார் வந்த அன்று மாலை மாமியாரை அதில் உட்கார வைத்து, வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களில் ஒரு முறை போய் வந்தோம். இருக்கை முன்போலவே திரும்புகிறது. சேசிஸ் எண் தேய்த்த தாள்கள் ஆறும், கிளம்பும் முன் வாங்கிய தடையின்மைச் சான்றும் கைவசம் இருக்கின்றன. மறுபதிவுக்கு அடுத்த வாரம் விண்ணப்பிக்கிறேன். அங்கே கேட்கும் ஆவணங்களையும், வரி எவ்வளவு வருகிறது என்பதையும் பிறகு இங்கேயே எழுதுகிறேன்.